தெப்பத்தில் மிதக்கும் சனி!

2023-ல் அம்மாவுக்கு ஏழரைச் சனி ஆரம்பம். "அது முடியட்டும்" என்று வலது கண்ணின் புரை ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிட்டார். "லேசுப்பட்ட கிரகமா அது? தோள்ல உக்காந்து அழுத்துதுப்பா!"

கனம் வாஸ்தவம்தான். பூமியைப் போல 95 மடங்கு. ஆனால் ஆள் உப்பல்! உள்ளே 700 பூமிக்கு மேல் அடைக்கலாம். பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம். கால் வைக்கத் தரையே கிடையாது. சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைச்சல். அந்த சைஸுக்கு ஒரு வண்டியூர் தெப்பக்குளம் வெட்டி (வைகையில் தண்ணீரும் வந்து!) இறக்கிவிட்டால், கணக்குப்படி மிதப்பார்.

சூரியனைச் சுற்றிவர 29½ வருஷம். ராசிக்கு இரண்டரை, மூணு ராசிக்கு ஏழரை. ஜோசியர் கணக்கு இதுதான். தன்னைத்தானே சுற்றுவதோ சுமார் 10½ மணி நேரத்தில்! அந்த வேகத்தில் இடுப்பு பிதுங்கி, தலையும் காலும் சப்பை.

செப்டம்பரில் ஒரு ராத்திரி, திருநகர் நண்பர் வீட்டு மொட்டை மாடி டெலஸ்கோப்பில் அம்மாவைப் பார்க்க வைத்தேன். வலது கண்ணுக்கு வெறும் மஞ்சள் புகை. இடது கண்ணை வைத்ததும், "அட, மோதிரம் போட்டிருக்காருப்பா!"

மோதிரம் பெரும்பாலும் ஐஸ் கட்டிகள். குறுக்களவு 2¾ லட்சம் கிலோமீட்டர். பருமன் பல இடங்களில் 10 மீட்டர்தான். நம்ம தெற்குக் கோபுரமே அதைப்போல ஐந்து மடங்கு உயரம்!

மறுபடி வலது கண். மறுபடி இடது. படி இறங்கும்போது கேட்டார்: "நாளைக்கு சனிக்கிழமை... அந்தக் கண் டாக்டர் இருப்பாராப்பா?"