கழுத்தில் ஆடும் ஊசல்

மஞ்சள் தொண்டைச் சின்னான் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. தென்னிந்தியாவின் பாறை மலைகளும் அவற்றின் சரிவுகளில் உள்ள புதர்களும்தான் அதன் வீடு. அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய பறவைகளின் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது. கொல்லிமலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் அதைத் தேடிப் போகிறவருக்கு அது தரும் அவகாசம் மிகக் குறைவு. புதரிலிருந்து எழும், ஒரு பாறை விளிம்பில் உட்காரும், மறுபடி புதருக்குள் போய்விடும். அந்த இரண்டு மூன்று விநாடிக்குள் பைனாகுலர் கண்ணுக்கு வந்துவிட வேண்டும். பைக்குள் இருக்கும் பைனாகுலர் எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் அந்த நேரத்தில் உதவாது. அது கழுத்தில் தொங்கினால் என்ன ஆகும்? அங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது.

வேட்டைக்காரருக்கும் பறவை பார்ப்பவருக்கும் இந்தத் தேவை ஒன்றுதான்: ஓசையில்லாமல், கை வீசாமல், சட்டென்று பார்க்க வேண்டும். கொல்லிமலைக்கு இது பழைய கதை. வல்வில் ஓரியின் மலை இது. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாக ஐந்தையும் வீழ்த்தியதாக வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் பாடுகிறார். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு, ஆடி மாதத்தில் விழாவும் உண்டு. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டைக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. துப்பாக்கியிலிருந்து பைனாகுலருக்கு மாறிய பயணத்துக்கு இந்தியாவில் பெரிய முன்னோடி சாலிம் அலி. சிறுவனாக அவர் சுட்ட ஒரு சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று கேட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியதில்தான் இந்தியப் பறவையியலின் மிகப் பெரிய வாழ்க்கை தொடங்கியது.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேலே விரியும் மலைப்பரப்பு கொல்லிமலை. சாலையில் வண்டி ஏறிவிடும். பறவை இருக்கும் இடத்துக்குக் கால்தான் ஏற வேண்டும். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஒருமுறை போய்வந்தவருக்குத் தெரியும்: ஒரு கை கம்பியைப் பிடிக்கும், மறு கை சமநிலைக்கு வேண்டும். கழுத்தில் தொங்கும் பைனாகுலரைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. அது வயிற்றில் இடிக்கிறது, குனிந்தால் பாறையில் மோதுகிறது, நிமிர்ந்தால் பக்கவாட்டில் வீசுகிறது.

இதற்கு எல்லோரும் சொல்லும் தீர்வு, சிறிய பைனாகுலர் வாங்குங்கள் என்பது. பறவை பார்ப்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் 8×42 பைனாகுலர் ஏறத்தாழ 700 கிராம் இருக்கும். சட்டைப்பையில் அடங்கும் 8×25 ஏறத்தாழ 300 கிராம்தான். இந்தச் சலுகைக்கு வெளிச்சத்தில் விலை கொடுக்கிறோம். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: பெரியதில் 5.25 மி.மீ., சிறியதில் 3.1 மி.மீ. பகல் வெயிலில் கண்பாவையே சுருங்கிவிடுவதால் வித்தியாசம் தெரியாது. விடியலிலும் சோலையின் நிழலிலும் சிறியது மங்கும். பெரும்பாலான மலையேற்றத்துக்கு அது ஏற்கத்தக்க விலைதான்.

எடை பாதிக்கும் கீழே வந்துவிட்டதே, கழுத்தின் தொல்லையும் பாதியாகிவிடுமா? தொல்லையில் இரண்டு வகை உண்டு. ஒன்று குறைகிறது, மற்றது அசைந்தே கொடுப்பதில்லை.

குறைவது அழுத்தம். பிடரியில் சுமார் 12 செ.மீ. நீளத்துக்கு வார் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரின் அகலம் ஒரு செ.மீ. என்றால் 700 கிராம் எடை 12 சதுர செ.மீ. தோலின் மேல் அமர்கிறது. பாதரச அளவில் சொன்னால் அது சுமார் 43 மி.மீ. அழுத்தம். தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் தந்துகிகளுக்குள் இருக்கும் அழுத்தமோ சுமார் 32 மி.மீ.தான். வெளி அழுத்தம் அதைத் தாண்டும்போது அந்த நுண்குழாய்கள் நசுங்குகின்றன. அரை மணியில் பிடரி எரியத் தொடங்குகிறது. அதே வாரில் 300 கிராம் பைனாகுலரைத் தொங்கவிட்டால் அழுத்தம் சுமார் 18 மி.மீ. ஆகிவிடும். மலைப்பாதையில் தலைச்சுமையோடு நடக்கும் பெண்கள் சும்மாடு வைப்பதும் இந்தக் கணக்குக்காகத்தான். சுமையின் எடை மாறுவதில்லை, அது அமரும் பரப்பு மாறுகிறது. சிறிய பைனாகுலரோடு பெட்டியில் வரும் அரை செ.மீ. கயிற்றை மட்டும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அதில் 300 கிராமும் 37 மி.மீ. அழுத்தம் தந்துவிடும்.

அசைந்து கொடுக்காதது ஆட்டம். கழுத்திலிருந்து தொங்கும் பைனாகுலர் ஓர் ஊசல். ஊசலைப் பற்றி கலிலியோ கண்டுசொன்ன வியப்பான செய்தி ஒன்று உண்டு: அது ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம் குண்டின் எடையைப் பொறுத்ததே அல்ல. நூலின் நீளம் மட்டுமே அதைத் தீர்மானிக்கிறது. ஒரு மீட்டர் ஊசல் இரண்டு விநாடி எடுக்கும். கால் மீட்டர் ஊசல் ஒரு விநாடி எடுக்கும். பிடரியிலிருந்து வயிற்றுக்கு மேல்வரை தொங்கும் பைனாகுலருக்கு நீளம் சுமார் 40 செ.மீ. அது போய்வர 1.27 விநாடி ஆகும். 700 கிராமுக்கும் அதே நேரம், 300 கிராமுக்கும் அதே நேரம்.

இப்போது நம் நடையைப் பார்ப்போம். இடக்கால் ஊன்றும்போது உடல் இடப்பக்கம் சாய்கிறது, வலக்கால் ஊன்றும்போது வலப்பக்கம். ஆகவே இரண்டு அடிக்கு ஒருமுறை உடல் பக்கவாட்டில் ஒரு முழு ஆட்டம் ஆடுகிறது. சமதளத்தில் நிமிடத்துக்கு 110 அடி வைப்பவருக்கு அந்த ஆட்டம் 1.09 விநாடி. அவரே மேட்டில் ஏறும்போது வேகம் குறைந்து நிமிடத்துக்கு 95 அடி ஆகும். இரண்டு அடிக்கான நேரம் அப்போது 1.26 விநாடி! ஊசலின் தாளமும் காலின் தாளமும் ஒன்றாகிவிடுகின்றன. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளத் தள்ள அது உயர்வதுபோல ஒவ்வோர் அடியும் பைனாகுலரைத் தள்ளுகிறது. போதாததற்கு, ஏற்றத்தில் முன்னால் சாய்ந்து நடப்பதால் மார்பின் உரசலும் விலகிவிடுகிறது. தடுக்க ஆளில்லாமல் அது வீசுகிறது. சமவெளிப் பூங்காவில் ஒழுங்காக இருந்த பைனாகுலர் மலையேறும்போது மட்டும் அடங்காமல் ஆடுவது இதனால்தான்.

எனவே சிறிய பைனாகுலருக்கு வேண்டியது எடையைத் தாங்கும் தடித்த பஞ்சுப் பட்டையல்ல; ஊசலை ஊசலாக இருக்கவிடாத ஒரு கட்டு. மார்பு வார் அதைத்தான் செய்கிறது. ஒரே நாடா எட்டு என்ற எண்ணின் வடிவில் இரண்டு தோளையும் சுற்றி வந்து முதுகில் குறுக்கிடும். முன்பக்கம் பைனாகுலரின் இரண்டு காதுகளிலும் உள்ள வளையங்களின் வழியே ஓடும். மேலிருந்து இரண்டு தோள்களும் தாங்க, கீழிருந்து இரண்டு அக்குள் வார்களும் இழுத்துப் பிடிக்க, பைனாகுலர் மார்பெலும்பின் அடியில் படிந்து நிற்கும். தொங்கும் நீளமே இல்லாதபோது ஊசலுக்கு வழியில்லை. கழுத்துக்கும் வேலையில்லை.

வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் இதற்கென்று பலவகை மார்பு வார்கள் விற்கின்றன. தோல் பட்டை, மூடிபோட்ட பை, பல கொக்கிகள் என்று 200 கிராமைத் தொடும் வகைகளும் உண்டு. 300 கிராம் கருவிக்கு 200 கிராம் கட்டு எதற்கு? சிறியதை வாங்கிச் சேமித்த எடையில் பாதியை அது திரும்பத் தின்றுவிடும். இரண்டு செ.மீ. அகல நைலான் நாடா போதும். பை தைக்கும் கடையில் இரண்டரை மீட்டர் வாங்கி, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகள் மாட்டி, முதுகில் குறுக்கிடும் இடத்தில் தைத்துவிட்டால் மொத்தமும் 50 கிராமுக்குள் அடங்கும். பருத்தி நாடா மென்மையானதுதான். ஆனால் வியர்வையிலும் மலை மூடுபனியிலும் நனைந்து விறைக்கும், வளையத்தில் வழுக்காது. வழுக்குவது முக்கியம். பைனாகுலர் கண்ணுக்கு உயரும்போது தோள் பக்கம் தளரும் நாடா வளையத்தின் வழியே அக்குள் பக்கம் ஓடினால்தான் கை தடங்கலின்றி மேலே வரும்.

எலாஸ்டிக் வைத்த வார்களைச் சோதித்துத்தான் வாங்க வேண்டும். பக்கவாட்டில் ஊசல் என்றால், மேலும் கீழும் எலாஸ்டிக் ஒரு சுருள்வில். நடக்கும்போது உடல் ஒவ்வோர் அடிக்கும் 4 முதல் 5 செ.மீ. ஏறி இறங்குகிறது, மேட்டில் அந்தத் தாளம் 0.63 விநாடி. பைனாகுலரைத் தொங்கவிட்டதும் எலாஸ்டிக் 10 செ.மீ. நீளுமானால் அதன் துள்ளல் நேரமும் அதே 0.63 விநாடிதான். பக்கவாட்டில் தப்பித்து மேலும் கீழும் மாட்டிக்கொண்ட கதையாகிவிடும். 2 செ.மீ.க்குள் நீண்டால் துள்ளல் காலடியின் தாளத்தை விட்டு வெகுதூரம் விலகிவிடும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ரோமும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. முதுகுப்பைச் சுமையை ரப்பர் பட்டைகளில் தளரத் தொங்கவிட்டபோது, உடல் ஏறி இறங்கினாலும் சுமை ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றது. சுமப்பவரின் உழைப்பும் குறைந்தது. காவடித் தண்டின் வளைவில் கிடைக்கும் நன்மையும் இந்த வகையானதே. கனத்த சுமைக்கு மிகத் தளர்ந்த வில் நல்லது, கைக்கடங்கும் கருவிக்கு விறைப்பான கட்டு நல்லது. நடுவில் நிற்பதுதான் தொல்லை.

இன்னும் சில சின்ன விஷயங்கள் காட்டில் பெரிதாகும். உலோக வளையம் பொத்தானில் பட்டால் ‘கிளிங்’ என்னும். பறவை அதை உங்களுக்கு முன்பே கேட்டுவிடும். ஒட்டுப்பட்டையைப் பிரிக்கும் பர்ரென்ற சத்தம் அதைவிட மோசம். மார்பு வாரை முதலில் மாட்டி அதன்மேல் முதுகுப்பையை மாட்டினால், பையைக் கழற்றும்போது வார் கலையாது. உயரத்தையும் பார்த்து வைக்க வேண்டும்: குனியும்போது பைனாகுலர் மோவாயில் இடித்தால் வார் இறுக்கம், படியேறும்போது முழங்கால் அதைத் தொட்டால் தளர்வு.

கடைக்குப் போகும்போது பைனாகுலரையும் கையோடு கொண்டுபோங்கள். வாரை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உங்கள் இயல்பான வேகத்தில் ஏறிப் பாருங்கள். சமதளத்தில் நடந்து பார்ப்பது பயன்படாது. ஆட்டத்தைக் கிளப்பும் தாளம் ஏற்றத்தில்தான் இருக்கிறது. இரண்டு கையையும் வீசி ஏறும்போது மார்பில் பைனாகுலர் இருப்பதே மறந்துபோனால் அந்த வார் உங்களுக்கானது. மலையில் கவனம் முழுவதும் புதருக்கும் பாறைக்கும் போக வேண்டும். நாம் சுமக்கும் கருவி அதில் ஒரு துளியைக்கூட நம்மிடம் கேட்கக் கூடாது.