தாதியர் பணியும் மனத்தாங்கலும்



நம் தோட்டங்களிலிருந்து தாதியர் பயிற்சிக்குச் செல்லும் பெண்பிள்ளைகளை நாம் அறிவோம். எங்கள் பள்ளியில் படித்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. மூன்றாண்டுப் பயிற்சி முடித்து, வெள்ளுடை உடுத்தி, மகள் முதன்முதலாக வேலைக்குப் புறப்படும் நாளில் பெற்றோர் அடையும் பூரிப்பைச் சொல்லி முடியாது. ஓராண்டு கழித்து விடுமுறைக்கு வரும் அதே பிள்ளை, “நோயாளிகளைப் பார்ப்பது கஷ்டமில்லை அம்மா, கூட வேலை செய்கிறவர்களோடு ஒத்துப்போவதுதான் கஷ்டம்” என்கிறாள். “பொறுத்துப் போ” என்று சொல்லி நாம் அத்தோடு விட்டுவிடுகிறோம். அந்த அறிவுரை எந்த இடத்தில் பொருந்தும், எந்த இடத்தில் ஆபத்தாகும் என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

பால்வெட்டுக்குப் போகும் இருவருக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவரவர் நிரையை அவரவர் வெட்டிவிட்டு வந்துவிடலாம். மரத்துக்கு அவர்களுடைய சண்டை தெரியாது. மருத்துவமனை வார்டு அப்படிப்பட்டதன்று. அங்கே ஒரே நோயாளி பல கைகள் மாறுகிறார். நம் அரசாங்க மருத்துவமனைகளில் காலை 7 மணி முதல் 2 வரை ஒருவர், 2 முதல் இரவு 9 வரை ஒருவர், பின் விடியும்வரை இன்னொருவர் என்று முறை மாறுவது வழக்கம். ஒவ்வொரு மாற்றத்திலும், யாருக்கு என்ன மருந்து கொடுத்தாயிற்று, யாருக்குக் காய்ச்சல் ஏறுகிறது என்பதை ஒருவர் வாயால் சொல்ல, மற்றவர் காதால் கேட்க வேண்டும். முகம் கொடுத்துப் பேசாத இருவர் இதை எப்படிச் செய்வார்கள்?

இன்சுலின் ஊசியை எடுத்துக்கொள்வோம். நீரிழிவு இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. ஆகவே இது எல்லாருக்கும் விளங்கும். இன்சுலினை ‘யூனிட்’ என்ற அளவில் கணக்கிடுவார்கள். வழக்கமான இன்சுலினில் ஒரு மில்லி லிட்டருக்குள் 100 யூனிட் இருக்கும். 10 யூனிட் கொடுக்க வேண்டிய இடத்தில் கவனக்குறைவாக ஒரு மில்லி லிட்டர் ஏறிவிட்டால், பத்து மடங்கு மருந்து உடலில் சேர்ந்துவிடும். சர்க்கரை அளவு சரிந்து, நோயாளி நினைவிழக்கலாம், உயிரே போகலாம். அதனால்தான் இத்தகைய மருந்தை ஒரு தாதி எடுத்ததும், இன்னொரு தாதி தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்திடும் முறை இருக்கிறது. இருவருக்கும் மனத்தாங்கல் இருந்தால், இரண்டாமவர் ஊசியைப் பாராமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட இடமுண்டு. தாளில் இரண்டு கையெழுத்தும் இருக்கும். பார்த்த கண்ணோ ஒரு சோடிதான்.

இது வெறும் ஊகமன்று. 2015ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் பிரிவுகளிலிருந்து 24 குழுக்களை அழைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவர், இரு தாதியர். மெய்யான குழந்தை அன்று, பயிற்சிக்கான பாவனைதான். கவனிக்க வந்த வெளிநாட்டு வல்லுநர், சில குழுக்களிடம் மட்டும் அந்நாட்டு மருத்துவத்தின் தரத்தை இழித்து இரண்டொரு வார்த்தை பேசினார். வசவு அல்ல, நம் பிரட்டுக் களத்தில் கேட்டுப் பழகிய காதுக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றாது. ஆயினும் அந்தச் சொல் பட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும், சிகிச்சை செய்வதிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கின. காரணத்தைத் தேடியபோது, அக்குழுவினர் தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்வதும், உதவி கேட்பதும் குறைந்திருந்தன. புண்பட்ட மனம் கையை நிறுத்துவதில்லை, வாயை மூடிவிடுகிறது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மலாய் மொழியில் சரளமாகப் பேசக் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பாள். மற்றவர்கள் அதைத் தலைக்கனம் என்று எடுத்துக்கொள்வார்கள். தீபாவளிக்கு விடுமுறை கிடைக்காத வருத்தம் இதோடு சேர்ந்தால், சிறு பொறி போதும்.

சச்சரவைக் கையாளும் வழிகளை, தாமஸ், கில்மன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1974ஆம் ஆண்டில் ஐந்தாகப் பிரித்துக் காட்டினார்கள். மோதி வெல்வது, விட்டுக்கொடுப்பது, ஒதுங்கிப்போவது, ஆளுக்குப் பாதி இறங்கிவருவது, இருவரும் உட்கார்ந்து காரணத்தைக் கண்டு தீர்ப்பது ஆகியவை அவை. இவற்றில் எதுவும் எப்போதும் தவறன்று. நோயாளிக்கு இரத்தம் ஒழுகும்போது நியாயம் பேச நேரமில்லை. அப்போது ஒதுங்குவதே அறிவு. நாற்காலிக்கும் மேசைக்கும் சண்டை என்றால் விட்டுக்கொடுக்கலாம். மருந்து, அளவு, நோயாளியின் நிலை என்று வந்துவிட்டால் மட்டும் பொறுத்துப்போகக் கூடாது என்பதே நம் கருத்து. மூத்தவரே தவறான மருந்தை எடுத்தாலும் “நிறுத்துங்கள்” என்று சொல்லத்தான் வேண்டும்.

எப்படிச் சொல்வது? “நீங்கள் எப்போதும் இப்படித்தான்” என்று தொடங்கினால் காரியம் கெட்டது. வேலை முடிந்தபின், நோயாளிகளின் காதுக்கு எட்டாத இடத்தில், “கக், இன்று மூன்றாம் கட்டிலில் சிறுநீர்க் கணக்கு எழுதாமல் விடுபட்டிருந்தது. டாக்டர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாளை முதல் இருவரும் சேர்ந்தே பார்த்துவிடுவோமா?” என்று மலாய்த் தோழியிடம் கேட்டுப் பார்க்கலாம். இங்கே ஆளைப் பற்றிய பேச்சே இல்லை, வேலையைப் பற்றியதுதான். அதிலும் தீராவிட்டால், வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் தேதி, நேரத்தோடு சொல்ல வேண்டும். அதைக் கோள் சொல்வதென்று நினைக்க வேண்டியதில்லை. சிஸ்டரும் இரு தரப்பையும் தனித்தனியே கேட்காமல், வார்டில் எல்லார் முன்னிலையிலும் இளையவளைக் கடிந்துகொண்டால், மறுநாள் முதல் அந்த வார்டில் யாரும் எதையும் அவரிடம் சொல்லமாட்டார்கள்.

பெற்றோரே, இரவு வேலை முடித்து வரும் மகள் முகம் வாடியிருந்தால், முதலில் தூங்கவிடுங்கள். எழுந்தபின், “யார் என்ன சொன்னார்கள்?” என்று கேட்காமல், “என்ன வேலையில் தகராறு வந்தது?” என்று கேளுங்கள். நீங்களே வார்டில் படுத்திருக்க நேர்ந்தால், ஊசியோடு வரும் தாதியிடம் உங்கள் பெயரைச் சொல்லி, “இது எனக்குத்தானா அம்மா, எத்தனை யூனிட்?” என்று கேட்கலாம். நல்ல தாதி அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.