சந்தாக் கணக்கைத் தானே கவனிக்கும் இணையக் கடை

சந்தா என்னும் சொல் நமது கிராம மக்களுக்குப் புதியதன்று. பத்திரிகைக்குச் சந்தா செலுத்துகிறோம். நகரத்தில் ஆவின் பால் அட்டை வைத்திருப்பவர் மாதத்திற்குரிய பணத்தை முன்னதாகவே செலுத்திவிட்டு, நாள்தோறும் பாலைப் பெற்றுக்கொள்கிறார். வாங்குபவருக்குச் சில்லறை தேடும் தொல்லை இல்லை. விற்பவருக்கோ, நாளைக்கு எவ்வளவு பால் போகும் என்பது இன்றே தெரிந்துவிடுகிறது. உழவரைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது நன்மையே பெரிது. மாதந்தோறும் இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் வாங்குவதாக நூறு குடும்பத்தார் ஒப்புக்கொண்டிருந்தால், இருநூறு லிட்டர் எண்ணெய் வேண்டும். அதற்குச் சுமார் ஐந்நூறு கிலோ கடலைப் பருப்பு வேண்டும். அந்த அளவை இருப்பில் வைத்துக்கொண்டு மீதியை நல்ல விலை வரும்போது விற்கலாம். அறுவடை முடிந்த மறுநாளே வியாபாரி சொன்ன விலைக்குத் தலையசைக்க வேண்டியதில்லை.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இன்று இணையத்தில் கடை வைத்து அரிசி, எண்ணெய், சிறுதானிய மாவு முதலியவற்றை நேராக நகரத்துக் குடும்பங்களுக்கு அனுப்புவதை வாசகர்கள் அறிவார்கள். அவற்றுள் சில, மாதச் சந்தா முறையையும் மேற்கொண்டுள்ளன. கடையைத் திறப்பது எளிது. சந்தாக் கணக்கை ஒழுங்காக நடத்துவதுதான் கடினம் என்பதை நாம் நமது வட்டாரத்திலேயே கண்டோம்.

இங்கே உழவர் குழு ஒன்று நமது தூண்டுதலின் பேரிலேயே இத்தகைய கடையைத் தொடங்கியது. சந்தாதாரர் பெயர்களை ஒரு நீள நோட்டுப் புத்தகத்தில் கோடிட்டு எழுதி வந்தார்கள். பணம் வந்ததா என்பதை ஓர் உறுப்பினரின் மகள் இரவில் கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துக் குறித்து வந்தாள். முப்பது பேர் இருந்தவரை இது நடந்தது. எண்ணிக்கை நூறைத் தாண்டியதும் நோட்டு தடுமாறத் தொடங்கியது. ஒரு மாதம், முந்திய மாதப் பட்டியலைப் பார்த்தே பெட்டிகளைக் கட்டிவிட்டார்கள். சந்தாவை நிறுத்திவிட்டவர்களுக்குப் பெட்டிகள் போய்த் திரும்பி வந்தன. வழியில் எண்ணெய்ப் புட்டிகள் சில உடைந்தன. பணம் கட்டியவர் சிலருக்கோ பெட்டி போகவே இல்லை. நட்டத்தை உறுப்பினர்களின் எள், கடலைப் பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டியதாயிற்று. கடை வைக்கச் சொன்ன நாம் கணக்கு வைக்கும் வழியையும் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இக்கட்டுரையை எழுத நேர்ந்ததற்கு அதுவே காரணம்.

சந்தாக் கடையில் மாதந்தோறும் திரும்பத் திரும்ப வரும் வேலைகள் எவை? யாருக்குத் தவணை வந்துள்ளது என்று பார்த்தல், பணம் பெறுதல், வராதவருக்கு நினைவூட்டுதல், பணம் வந்தவர்களுக்கு மட்டும் பெட்டிப் பட்டியலும் முகவரிச் சீட்டும் தயாரித்தல், இருப்பைக் குறைத்து எழுதுதல், நிறுத்தச் சொன்னவரை நிறுத்துதல். இவை யாவும் சிந்தனை வேண்டாதவை. மறதி மட்டும் கூடாதவை. ஆகவே இவற்றை இயந்திரத்திடம் ஒப்படைப்பது தகும். வேர்ட்பிரஸ் தளத்தில் இயங்கும் வூகாமர்ஸ் என்னும் கடை மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதனோடு சேர்க்கும் சந்தாப் பகுதிக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. வேறு கடை மென்பொருள்களிலும் இவ்வசதியைப் பெறலாம்.

இதை ஒரு கூட்டத்தில் விளக்கியபோது முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இயந்திரமே பணத்தை எடுத்துக்கொள்ளும் என்கிறீர்களே, நாளைக்கு எங்கள் கணக்கிலும் கை வைக்காதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பணம் தானாக எடுக்கப்படுவதற்கு வாங்குபவரின் முன் ஒப்புதல் வேண்டும். தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2020ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய யு.பி.ஐ. ஆட்டோபே முறையில், வாங்குபவர் தம் கைப்பேசியில் ரகசிய எண்ணை இட்டு, இன்ன கடைக்கு, இன்ன கால இடைவெளியில், இன்ன தொகைக்கு மேற்படாமல் எடுக்கலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக அவருக்கு அறிவிப்புப் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மறுபடி ரகசிய எண் கேட்காமல் எடுக்கக்கூடிய தொகைக்கு 2022 ஜூன் முதல் பொதுவான உச்சவரம்பு 15,000 ரூபாய். ஒப்புதலை எந்நேரமும் அவரே ரத்துசெய்துவிடலாம். எனவே, கடைக்காரர் கையில் இருப்பது பெட்டிச் சாவியன்று. கேட்டுப் பெறும் உரிமை மட்டுமே.

இங்கு ஒரு நுணுக்கம் உண்டு. இன்றைய விலையையே உச்சத் தொகையாக வைத்து ஒப்புதல் பெற்றுவிட்டால், கடலை விலை ஏறும்போது ஒவ்வொருவரிடமும் புதிதாக ஒப்புதல் பெற வேண்டிவரும். சற்றுக் கூடுதலான உச்சத் தொகையை வைப்பது நல்லது. ஆனால் அதன் காரணத்தை முதலிலேயே சந்தாதாரருக்குச் சொல்லிவிட வேண்டும். விலை மாறும்போது முன்கூட்டியே எழுதித் தெரிவிக்கவும் வேண்டும்.

பணம் எடுக்கப்பட்டவுடன், பணம் பெற்றுத் தரும் நிறுவனம் கடையின் கணினிக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. முன்பு பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை வந்தது போன்றது இது. அந்தச் செய்தி வந்த பிறகே பெட்டி புறப்பட வேண்டும். ஆனால், கடையின் கணினி உடனே மறுமொழி தராவிட்டால் அனுப்பியவர் அதே செய்தியை மீண்டும் அனுப்புவது வழக்கம். நமது குழுவிற்கு இது தெரியாமற்போயிற்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டிற்கு ஒரே மாதத்தில் இரண்டு பெட்டிகள் போயின. அவர் நல்லவர், தாமே தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். எல்லோரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் இருக்கும். ஒருமுறை வந்த எண் மறுமுறை வந்தால் ஒதுக்கிவிடும்படி மென்பொருளை அமைக்கச் சொல்ல வேண்டும். அமைத்துத் தருபவரிடம் இதனைக் கேட்டு, சோதனைச் செய்தியை இருமுறை அனுப்பச் சொல்லிக் கண்ணால் பார்த்த பிறகே அவருக்குரிய கூலியைக் கொடுங்கள்.

தேதியும் தொல்லை தரும். ஜனவரி 31ஆம் தேதி சேர்ந்தவருக்குப் பிப்ரவரியில் தவணை எந்நாள்? சில மென்பொருள்கள் மாதக் கடைசி நாளுக்குக் கொண்டுவரும். சில மார்ச்சுக்குத் தள்ளிவிடும். இந்த வம்பே வேண்டாமென்று, எல்லோருடைய தவணையையும் மாதத்தின் ஒரே நாளில் வைத்துக்கொள்வது மேல். நாம் 5ஆம் தேதியை வைத்தோம். பெட்டி கட்டுவதும் ஒரே நாளில் முடிகிறது. சரக்கு வண்டிக்கும் ஒரே வாடகை.

வேர்ட்பிரஸ் கடை வைத்திருப்பவர்கள் மற்றொன்றையும் அறிய வேண்டும். அதனுள் அமைந்த காலக் கடிகாரம், யாரேனும் தளத்தைப் பார்க்க வரும்போதுதான் மணி என்ன என்று பார்க்கும். கதவைத் தட்டினால் மட்டுமே விழிக்கும் காவல்காரனைப் போல. பெரிய கடைக்கு நிமிடந்தோறும் ஆள் வருவதால் குறை தெரியாது. நமது சிறு கடைக்குச் சில இரவுகளில் ஒருவரும் வருவதில்லை. நள்ளிரவில் நடக்க வேண்டிய வேலை காலையில்தான் நடந்தது. தளம் இயங்கும் கணினியிலேயே தனிக் கால அட்டவணை அமைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுப்பும்படி செய்தபின் இக்குறை நீங்கிற்று.

பணம் எடுக்க முயன்று கிடைக்காவிட்டால் என்ன செய்வது? உடனே சந்தாவை ரத்துசெய்வது தவறு. பெரும்பாலோர் கணக்கில் அன்று பணம் இல்லை என்பதுதான் காரணமாயிருக்கும். சந்தாவை 'நிறுத்திவைப்பு' என்னும் நிலையில் வைத்து, பெட்டியை அனுப்பாமல், இரண்டொரு நாள் கழித்து மறுபடி முயலும்படி அமைக்கலாம். ஆட்டோபே முறையில் முதல் முயற்சிக்குப் பிறகு மூன்று மறுமுயற்சிகளுக்கே இடமுண்டு. அவற்றை ஒரே நாளில் செலவழித்துவிடக் கூடாது. சம்பள நாளையொட்டி வைத்தால் பலன் அதிகம். அத்துடன் போகும் நினைவூட்டல் செய்தி தமிழில், மரியாதையாக இருக்கட்டும். நமது மென்பொருளுடன் வந்த வாசகத்தைத் தமிழாக்கிப் பார்த்தபோது கந்துவட்டிக்காரர் கடிதம் போல் இருந்தது, மாற்றி எழுதினோம்.

சந்தாவை நிறுத்துவதற்கும், ஒரு மாதம் மட்டும் தவிர்ப்பதற்கும் உரிய பொத்தான்கள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். நிறுத்துவதைக் கடினமாக்கிச் சந்தாதாரரைச் சிக்கவைக்கும் தந்திரத்தை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் 'சந்தாப் பொறி' என்னும் பொருளில் தனியே குறிப்பிட்டுத் தடுக்கின்றன. கடைக்காரரே முன்கூட்டி 'சம்மதம்' என்று குறியிட்டுவைத்து ஒப்புதல் பெறுவதை 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் அனுமதிக்கவில்லை. சட்டம் ஒருபுறம் இருக்க, தவிர்க்கும் பொத்தான் வைத்த பின்னர் நமது குழுவில் நிறுத்துபவர்கள் குறைந்தார்கள். வெளியூர் போகும் மாதத்தில் தவிர்க்க வழியிருந்தால், சந்தாவை அடியோடு நிறுத்த வேண்டிய அவசியம் இல்லையல்லவா?

இயந்திரத்திடம் ஒப்படைக்கலாகாதவையும் உண்டு. மழை பொய்த்து எள் வராத ஆண்டில் அதற்குப் பதிலாக எதை அனுப்புவது, யாரைக் கேட்டு அனுப்புவது என்பதை உறுப்பினர்கள் கூடித்தான் முடிவுசெய்ய வேண்டும். வண்டு விழுந்த மாவைப் பற்றிக் குறைகூறி அழைப்பவருக்கு மனிதக் குரல்தான் பதில் சொல்ல வேண்டும். கடையின் கடவுச்சொல்லை ஒருவர் மட்டும் வைத்திருப்பதும் கூடாது. நமது குழுவில் அதை அறிந்திருந்த பெண் திருமணமாகி வெளியூர் சென்றபோது பத்து நாட்கள் கடையின் கணக்கையே திறக்க முடியவில்லை. இப்பொழுது செயலாளர், பொருளாளர் இருவருக்கும் தனித்தனி நுழைவு உண்டு.

ஊராட்சி மன்றங்கள் இதில் செய்யக்கூடிய உதவி சிறியதேயாயினும் பயனுள்ளது. பெட்டி கட்டுவதற்கு மாதத்தில் ஒரு நாள் சமுதாயக் கூடத்தைக் கொடுக்கலாம். முகவரிச் சீட்டு அச்சிட, சேவை மையத்தின் கணினியைப் பயன்படுத்த ஏற்பாடு செய்யலாம்.

நமது குழுவின் நீள நோட்டு இன்னும் இருக்கிறது. 6ஆம் தேதி காலையில் இயந்திரம் தரும் பட்டியலை வைத்துக்கொண்டு, அந்த முதியவரே ஒவ்வொரு பெயராக வாசிக்க, மற்றொருவர் நோட்டில் குறியிடுகிறார். இரண்டும் ஒத்தால்தான் பெட்டிகள் வண்டியில் ஏறும்.