ஜீப்பை உயர்த்துமுன் எண்ண வேண்டியவை

பாலாற்று மணலையும், ஏரிக்கரைச் சேற்றையும், மழைக்குப் பின் வண்டித் தடம் பதிந்த வயற்பாதையையும் நாள்தோறும் கடப்பவர் நம் அங்கத்தினர்கள். நெல் மூட்டையோ, தறிக்குரிய நூற்கட்டோ, எதை ஏற்றினாலும் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்பே பலருக்குத் துணை. ஆதலின், “வண்டியின் அடி தட்டுகிறது, உயர்த்திவிடலாமா?” என்ற கேள்வி வாலாஜாபாத் வட்டாரத்தில் அடிக்கடி எழுகின்றது. இதனைச் சற்று விளக்கமாக ஆராய்வோம்.

இவ்வண்டியின் மூலம் இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப். போர் முடிந்தபின், 1940களின் இறுதியில், மஹிந்திரா நிறுவனத்தார் பம்பாய் மசகானில் அதனைப் பூட்டத் தொடங்கினர். 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின்னர், வட்டார அதிகாரியின் ஜீப்பைக் காணாத கிராமம் அரிதாயிற்று. அவ்வழி வந்த வண்டிகளில் பலவும் கட்டான வில்பட்டைகளின் மீதே நிற்கின்றன. நாம் பேசப் போவதும் அவற்றைப் பற்றியே.

முதற்கண் ஒன்றை அறிதல் வேண்டும். வண்டி தாழ்ந்திருப்பது பிறவிக் குறையா, முதுமைத் தளர்ச்சியா? பல ஆண்டுகள் பாரம் சுமந்த பட்டை தன் வளைவை இழந்து தட்டையாகிவிடும். சமதளத்தில் வெறும் வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்து, அச்சின் நடுவிலிருந்து மேலேயுள்ள மட்கார்டின் விளிம்பு வரை அளந்து குறித்துக் கொள்ளுங்கள். இடமும் வலமும் வேறுபட்டால் ஒரு பக்கத்துப் பட்டை தளர்ந்திருக்கலாம், அல்லது முறிந்திருக்கலாம். பின்பு வழக்கமான பாரத்தை ஏற்றி மறுபடி அளக்க வேண்டும். அச்சு, தடுப்பு ரப்பரை ஏறக்குறையத் தொட்டு நின்றால் பட்டை ஓய்ந்துவிட்டது எனலாம். அத்தகைய வண்டிக்குத் தேவை உயர்த்துதல் அன்று. சரியான புதுப் பட்டை, புது புஷ், புது யூ போல்ட்டு ஆகியவையே. இழந்த உயரம் தானே திரும்பி வரும்.

பழைய பட்டையைக் காய்ச்சி வளைத்துத் தருவதாகச் சிலர் கூறுவர். வில்பட்டை எஃகு நல்லதென்பதனாலேயே கொல்லர்கள் அதில் அரிவாள் அடிக்கின்றனர். ஆயினும், உலையிலிட்டுச் சிவக்கக் காய்ச்சினால் முன்பிருந்த பதம் போய்விடும். முறைப்படி மீண்டும் பதமேற்றாவிடில் பட்டை விரைவில் தளரும், அல்லது பாரத்தோடு முறியும்.

இனி, உண்மையாகவே உயரம் கூட்ட வேண்டுமாயின் உள்ள வழிகளைக் காண்போம்.

முதலாவது, கூடுதல் வளைவுள்ள பட்டைக் கட்டு. ஒன்று அல்லது இரண்டு அங்குல உயரத்திற்கு இதுவே சீரிய வழி. ஷாக் அப்சர்பரும் பிரேக் குழாயும் அதற்கேற்ற நீளமுடையனவா எனப் பார்த்தல் அவசியம்.

இரண்டாவது, பழைய கட்டில் ஒரு பட்டையைச் சேர்ப்பது. செலவு குறைவு, பாரம் தாங்கும். ஆனால் வெறும் வண்டி கல்லைப் போல் குதிக்கும்.

மூன்றாவது, நீண்ட ஷேக்கிள். இரண்டு அங்குலம் நீட்டினால் ஓர் அங்குலமே உயரும். முன்புறம் இதனைச் செய்தால் அச்சின் சாய்வு மாறி ஸ்டியரிங் அலையும். இவ்வாறு உயர்த்திய வண்டியொன்றில் நாம் பயணம் செய்தோம். நேர்ப்பாதையிலும் ஓட்டுநர் சக்கரத்தைப் போராடிப் பிடிக்க நேர்ந்தது.

நான்காவது, அச்சின் கீழுள்ள பட்டையை அச்சின் மேலே மாற்றுவது. ஏறத்தாழ ஐந்து அங்குலம் உயரும். ஆனால் புரொப்பெல்லர் தண்டின் கோணம் மிகுந்து அதன் மூட்டுகள் தேயும்; வேகம் கூட்டுகையில் அச்சு முறுக்கிக் கொள்ளும். உழைக்கும் வண்டிக்கு இது தகாது.

இவற்றுள் எதுவும் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கர உருண்டையைத் தரையினின்று சிறிதும் உயர்த்தாது என்பது கவனிக்கத்தக்கது. அதனை உயர்த்துவது பெரிய டயர் ஒன்றே. அதுவும் குறுக்களவில் இரண்டு அங்குலம் கூடினால் ஓர் அங்குலமே கிடைக்கும். அதற்கு விலையும் உண்டு. இழுவை குறையும், பிரேக்கின் பிடிப்பு தளரும், வேகமானி உண்மையினும் குறைத்துக் காட்டும்.

யாவற்றினும் பெரியது உயிர்ப் பாதுகாப்பு. கணக்கிற்காக, இரு சக்கரங்களுக்கு இடைவெளி 48 அங்குலம், பாரத்தின் மையம் 25 அங்குல உயரம் எனக் கொள்வோம். அவ்வண்டி ஏறக்குறைய 44 பாகை சாய்ந்தால் கவிழும். மூன்று அங்குலம் உயர்த்தினால் 41 பாகையிலேயே கவிழும். மூட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் கூலியாட்களையும் அமர்த்தினால் மையம் இன்னும் மேலேறும். ஏரிக்கரைத் திருப்பத்தில் கவிழும் வண்டியின் மேலிருப்போர் யாவர் என்பதை எண்ணிப் பார்ப்போமாக!

உயர்ந்த வண்டி வெள்ளத்தைக் கடக்கும் என்பதும் மயக்கமே. 2021 நவம்பரில் பாலாறு பெருகியபோது தரைப்பாலங்கள் சேதமுற்றதை நாம் மறக்கவில்லை. இரண்டடி ஆழத்தில் விரைந்தோடும் நீர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்ல வல்லது.

சட்டமும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. விபத்து நேர்ந்தபின் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட இடமுண்டு. ஆதலின் மாற்றம் எதுவாயினும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் நலம்.

ஆகவே நம் முடிவு இது. முதலில் அளவுகோலை எடுங்கள். தளர்ந்த பட்டையைப் புதுப்பியுங்கள். பாரத்தைக் குறைத்துத் தாழ அடுக்குங்கள். அதன் பிறகும் அடி தட்டினால், அடிக்கடி தட்டும் அந்த ஓரிடத்துப் பாதையை நான்கு அங்கத்தினர் கூடி மண்ணிட்டு மேடாக்குதல் இயலுமா எனப் பாருங்கள். ஒரு வண்டியை உயர்த்தினால் ஒருவருக்கே பயன். பாதையை உயர்த்தினால் ஊருக்கே பயன். கூட்டுறவின் பொருளும் அதுவன்றோ!