ஊசி மாட்டுக்கு, சாவு கழுகுக்கு

பாகிஸ்தானின் பஞ்சாபில் 2000-க்குப் பிறகு கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்த பாறு கழுகுகளை அறுத்துப் பார்த்தவர்கள் கண்டது பெரும்பாலும் ஒரே காட்சிதான். ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவு. சிறுநீரகம் பழுதானால் பறவை உடலில் யூரிக் அமிலம் இப்படித்தான் படியும். எதனால் பழுதானது? வைரஸ், பூச்சிக்கொல்லி, ஈயம் என்று தேடிச் சலித்தும் பிடிபடவில்லை. கடைசியில் ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர், கழுகுகள் தின்பது செத்த மாடுகளை என்பதால், மருந்துக் கடைக்காரர்களையும் கால்நடை மருத்துவர்களையும் விசாரித்தார்கள்: மாட்டுக்கு என்னென்ன கொடுக்கிறீர்கள்? அந்தப் பட்டியலில் இருந்தது டைக்ளோஃபினாக், மூட்டுவலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் அதே மருந்து. படிவு கண்ட 25 கழுகுகளிலும் அது இருந்தது. சிறுநீரகம் கெடாத 13 கழுகுகளில் ஒன்றில்கூட இல்லை. 2004-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது.

ஆந்த்ராக்ஸில் செத்த மாட்டையே தின்று செரிக்கிற வயிறு பாறு கழுகுக்கு. இந்த மருந்திடம் மட்டும் தோற்றுவிட்டது. இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் அழிந்தது. அதற்கு எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டிருக்க வேண்டியதில்லை. நூற்றில் ஒரு மாட்டுப் பிணத்தில் மருந்து தங்கியிருந்தாலே போதும் என்கிறது கணக்கு. ஒரே பிணத்தில் கூட்டமாக வந்து இறங்கும் பறவை. இடுவதோ ஆண்டுக்கு ஒரே முட்டை.

2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியா தடைசெய்தது. கழுகுக்குத் தீங்கில்லாத மெலாக்ஸிகாம் மாற்றாக வந்தது. ஆனால் மனிதருக்கென்று விற்ற 30 மில்லி குப்பி கடைகளில் இருந்தது. அது நேராகத் தொழுவத்துக்குப் போனது. மனிதருக்கு ஒரு ஊசிக்கு 3 மில்லி போதும், மாட்டுக்குச் சுமார் 15 மில்லி வேண்டும். எனவே 2015-ல் அரசு, மனிதருக்கான ஊசி மருந்தை 3 மில்லிக்கு மேல் அடைக்கக் கூடாது என்றது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணையே செல்லும் என்றது. நோயாளிக்கு மருந்தை மறுக்காமல், குப்பியின் அளவை மட்டும் குறைத்த இந்த ஏற்பாட்டைக் கெட்டிக்காரத்தனமான கொள்கை முடிவு என்றே சொல்வேன்.

கழுகைக் கொல்லும் மற்ற மாட்டு மருந்துகள் விஷயத்தில் அந்தச் சுறுசுறுப்பு இல்லை. அசெக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது என்று 2016-ல் நிரூபணமானது. ஆள் அதே ஆள், சட்டை மட்டும் வேறு. கால்நடைகளுக்கு அதையும் கீட்டோப்ரோஃபெனையும் தடைசெய்ய 2023 ஆகிவிட்டது. நிமெசுலைடுக்கு 2024 டிசம்பர் இறுதியில்தான் தடை வந்தது. கழுகு செத்துக் காட்டிய பிறகு ஒவ்வொரு மருந்தாக நீக்குகிறோம். கழுகுக்குத் தீங்கில்லை என்று காட்டினால்தான் மாட்டு மருந்துக்கு உரிமம் என்று முறையைத் திருப்பிப்போடலாமே! அது முடியாத காரியமல்ல: டால்ஃபெனமிக் அமிலம் என்ற வலிநிவாரணியைக் கூண்டுக் கழுகுகளிடம் சோதித்து, பெரும்பாலும் பாதுகாப்பானது என்று நம் விஞ்ஞானிகளே காட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் பறவைப் பிரியர்களின் கவலை என்று ஒதுக்க முடியாதபடி 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்ஷன் என்ற இரு பொருளியலாளர்கள், கழுகுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும் அவ்வளவாக இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். கழுகு மறைந்த இடங்களில் மனித இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை கூடுதலாகச் செத்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்பது அவர்கள் மதிப்பீடு. தின்ன ஆளில்லாமல் அழுகிய பிணங்கள் தண்ணீரைக் கெடுத்தன, தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி தடுப்பூசி விற்பனையும் ஏறியது.

டைக்ளோஃபினாக் கழுகைக் கொல்லும் என்று 2004-லேயே தெரிந்த பிறகும், ஐரோப்பாவின் பெரும்பாலான பாறு கழுகுகள் வாழும் ஸ்பெயின் 2013-ல் அதைக் கால்நடைகளுக்கு அனுமதித்தது. 2020-ல் கேட்டலோனியாவில் ஒரு கரும்பாறுக் குஞ்சு கூட்டிலேயே செத்துக் கிடந்தது. பரிசோதனையில் அதே மருந்து.