துப்பாக்கி ஓய்ந்த பிறகு – 9: தொப்பியில் ஆறு சின்னங்கள்

வட அயர்லாந்தில் போலீஸ் வேலை பார்ப்பவர் காலையில் காரை எடுக்கும்முன் ஒரு காரியம் செய்தாக வேண்டும். வாசலில் முழங்காலிட்டு, தலையைத் தரையளவுக்குத் தாழ்த்தி, காரின் அடிப்பாகத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்க்க வேண்டும். காந்தம் வைத்து ஒட்டிய சின்னஞ்சிறு குண்டு அங்கே இருக்கலாம். மழையோ, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் அவசரமோ, எதுவானாலும் அதைப் பார்க்காமல் கதவைத் திறக்கக் கூடாது. பலர் அக்கம்பக்கத்தில் வேறு வேலையில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சீருடையைத் துவைத்தால் வெளியே கொடியில் காயப்போடுவதில்லை. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிக் கால் நூற்றாண்டு கடந்த பிறகும் இதுதான் நிலைமை.

தன் வேலை என்னவென்று சொந்தத் தெருவிலேயே சொல்ல முடியாத ஆட்களைக் கொண்ட ஒரு துறை, தன்னைப் பற்றி ஊருக்கு என்ன சொல்ல முடியும்? யார் வாயால் சொல்ல முடியும்? இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அதைத்தான்.

சென்ற வாரம் சியரா லியோனில் பார்த்தோம். ஆயுதம் தாங்கிய காவல் பிரிவின் பெயரை ஐ.எஸ்.யு. என்று சுருக்கி எழுதினார்கள். அதையே ‘ஐ ஷூட் யூ’ என்று விரித்துச் சொன்னார்கள் ஜனங்கள். அரசாங்கம் வைக்கும் பெயர் ஒன்று, தெரு வைக்கும் பெயர் இன்னொன்று. பெல்ஃபாஸ்டின் கதையும் ஒரு பெயரில்தான் தொடங்குகிறது.

1922இல் பிறந்தது ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி. சுருக்கமாக ஆர்.யு.சி. அந்த முதல் சொல் பிரிட்டிஷ் முடியாட்சியைக் குறிப்பது. பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்று நினைத்த புராட்டஸ்டன்ட் மக்களுக்கு அது பெருமை. ஒன்றுபட்ட அயர்லாந்து வேண்டும் என்று நினைத்த கத்தோலிக்க மக்களுக்கு, அது தங்கள் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு வந்தவர்களின் அடையாளம். மக்கள்தொகையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கத்தோலிக்கர் இருந்தும், காவலர்களில் அவர்கள் எட்டு சதவீதம் அளவிலேயே இருந்தார்கள். முப்பதாண்டு மோதலில் 3,500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 300க்கும் மேற்பட்டோர் ஆர்.யு.சி. காவலர்கள். இந்த இரண்டாவது கணக்கை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன். சீர்திருத்தம் என்ற சொல்லை அந்தக் காவலர்களின் மனைவிமாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி. அன்று கையெழுத்தான ஒப்பந்தம் பல விஷயங்களை முடித்துவைத்தது. ஆனால் போலீஸ் விஷயத்தை முடிக்க முடியாமல் ஓர் ஆணையத்திடம் விட்டது. ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த கிறிஸ் பேட்டன் அதன் தலைவர். அவர் செய்த முதல் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஊர் ஊராகப் போய் உட்கார்ந்தார். ஏறத்தாழ நாற்பது பொதுக்கூட்டங்கள். 10,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள், 1,000க்கும் மேற்பட்டோர் எழுந்து பேசினார்கள். மகனைப் போலீஸ் சுட்டுக் கொன்றதாகச் சொன்னவர்களும் பேசினார்கள், போலீஸ்காரக் கணவனைக் குண்டுக்குப் பறிகொடுத்தவர்களும் பேசினார்கள். எதிர்த்தரப்பின் துக்கத்தை நேருக்கு நேர் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டவர்கள் அங்கே இருந்திருப்பார்கள். ‘மக்கள் தொடர்பு’ என்றதும் நாம் சொல்வதையே நினைக்கிறோம். பேட்டன் கேட்பதில் தொடங்கினார்.

1999 செப்டம்பரில் அறிக்கை வந்தது. 175 பரிந்துரைகள். பெயர் மாற வேண்டும், சின்னம் மாற வேண்டும், காவல் நிலையங்களின் மேல் பிரிட்டிஷ் கொடி பறக்கக் கூடாது, புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கராகவும் பாதிப்பேர் மற்றவர்களாகவும் இருக்க வேண்டும். ‘படை’ என்பது போய்ச் ‘சேவை’ என்பது வர வேண்டும். (தமிழில் ‘காவல்துறை’ என்று சொல்லி இந்த இரண்டு சொற்களின் சண்டையிலிருந்து நாம் தப்பித்துவிட்டோம். ஆங்கிலத்தில் அது ஒரு தலைமுறையின் சண்டை.)

புராட்டஸ்டன்ட் தரப்பில் கொந்தளிப்பு எழுந்தது. அதைப் பிற்போக்கு என்று ஒதுக்கியவர்கள் தவறு செய்தார்கள் என்பது என் கருத்து. நாற்பது வயதில் விதவையான ஒரு பெண்ணுக்கு அவள் கணவனின் கல்லறையில் பொறித்திருக்கும் பெயர்தான் ஆர்.யு.சி. அதை எடுத்துவிடப் போகிறோம் என்றால், செத்தவன் தப்பான பக்கம் நின்று செத்தான் என்றுதான் அவள் காதில் விழும். பேட்டன் இதை உணராதவர் இல்லை. காவல் நிலையங்களில் இருந்த நினைவுப் பலகைகளை அப்படியே விட்டுவைக்க வேண்டும், சீருடையின் பச்சை நிறம் மாற வேண்டாம் என்றும் அதே அறிக்கை சொன்னது. 2000 ஏப்ரலில் எலிசபெத் அரசி ஹில்ஸ்பரோ மாளிகைக்கு வந்து, ஆர்.யு.சி.க்கு மொத்தமாக ஜார்ஜ் சிலுவை விருதை அளித்தார். பழைய பெயருக்கு மரியாதை செய்து அனுப்பிவைத்த பிறகே புதிய பெயர் வந்தது. 2001 நவம்பர் 4 முதல் அது ‘வட அயர்லாந்து காவல் சேவை’. ஆங்கிலச் சுருக்கத்தில் பி.எஸ்.என்.ஐ.

அடுத்து சின்னம். இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

பழைய தொப்பியில் ஒரு யாழ், அந்த யாழின் தலைமேல் ஒரு கிரீடம். யாழ் அயர்லாந்து, கிரீடம் பிரிட்டன். யார் மேலே, யார் கீழே என்பதைப் படிக்கத் தெரியாதவனும் புரிந்துகொள்வான். இரு நாடுகளின் சாயலும் இல்லாத புதுச் சின்னம் வேண்டும் என்று பேட்டன் கேட்டார். ஆனால் முடிவு எடுக்க வேண்டியது புதிதாக அமைந்த காவல் வாரியம். அதில் 19 பேர், பத்துப் பேர் அரசியல் கட்சிக்காரர்கள். கிரீடத்தை விடமாட்டேன் என்பவரும், கிரீடம் இருந்தால் வரமாட்டேன் என்பவரும் ஒரே மேசையில். 2001 டிசம்பரில் அவர்கள் உடன்பட்டதை இன்றும் அங்கே தொப்பியில் பார்க்கலாம். நடுவில் பெருக்கல் குறி போன்ற புனித பேட்ரிக் சிலுவை. அதைச் சுற்றி ஆறு சின்னங்கள்: தராசு, கிரீடம், யாழ், தீப்பந்தம், ஆலிவ் கிளை, மூவிலைச் சாம்ராக். கிரீடமும் இருக்கிறது, யாழும் இருக்கிறது, ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரவில்லை.

எதுவுமே வேண்டாம் என்றார் பேட்டன். எல்லாமே இருக்கட்டும் என்றது வாரியம். இந்த இடத்தில் பேட்டனைவிட வாரியம் சரியாக யோசித்தது. அடையாளம் அற்ற தொப்பியை இரண்டு தரப்பும் தங்களிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டதாகத்தான் பார்த்திருக்கும். ஒரு விளம்பர நிறுவனம் வரைந்து கொடுத்திருந்தால் இதைவிட அழகாக இருந்திருக்கலாம். இவர்கள் வாதாடி வரைந்ததால் இருபதாண்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கிறது.

ஆள்சேர்ப்புக்கும் இதே பாடம்தான். சுயேச்சையான நிறுவனம் ஒன்றிடம் தேர்வு வேலையை ஒப்படைத்தார்கள், பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. ஆனால் கத்தோலிக்க வீட்டுப் பையன் விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. பாதிரியார் என்ன சொல்கிறார், மைதானத்தில் பயிற்சியாளர் என்ன சொல்கிறார், அம்மா முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பான். அயர்லாந்தின் மரபு விளையாட்டுகளை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் 21ஆம் விதி அப்போது போலீஸ்காரரை உறுப்பினராகவே ஏற்காது. போலீஸில் சேர்ந்தால் ஊரில் பந்து விளையாட முடியாது என்று அர்த்தம். 2001 ஆகஸ்டில் கத்தோலிக்கர்களின் மிதவாதக் கட்சியான எஸ்.டி.எல்.பி.யும் கத்தோலிக்க ஆயர்களும் புதிய போலீஸை ஆதரித்தார்கள். நவம்பரில் சங்கம் 21ஆம் விதியை நீக்கியது. சரிபாதி ஆள்சேர்ப்புக்கு வந்த விண்ணப்பங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கத்தோலிக்கருடையவை.

புதிய போலீஸின் பக்கம் நின்றவர்கள் அதற்கு விலையும் கொடுத்தார்கள். வாரியத்தின் துணைத் தலைவர் டெனிஸ் பிராட்லி முன்பு பாதிரியாராக இருந்தவர். 2005இல் டெர்ரி நகரில் ஒரு மதுவிடுதியில் உட்கார்ந்திருந்த அவரைப் பேஸ்பால் மட்டையால் அடித்துக் காயப்படுத்தினார்கள்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். போலீஸ் மீதான புகார்களைப் போலீஸே விசாரிக்கும் வழக்கத்துக்கு முடிவு கட்டி, தனிக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் ஒன்றை அமைத்தார்கள். சொந்தப் புலனாய்வாளர்கள், சொந்த அதிகாரம். முதல் குறைதீர்ப்பாளர் நூலா ஓலோன். சட்ட விரிவுரையாளராக இருந்தவர். புதிய சின்னத்துக்கு ஒப்புதல் கிடைத்த அதே டிசம்பரில் அவருடைய ஓமா அறிக்கை வெளிவந்தது. 1998 ஆகஸ்ட் 15 அன்று ஓமா நகரக் கடைத்தெருவில் வெடித்த கார்குண்டு 29 பேரையும், ஒரு தாயின் வயிற்றிலிருந்த இரட்டைக் குழந்தைகளையும் கொன்றது. முன்கூட்டி வந்த தகவல்களைப் போலீஸ் சரியாகக் கையாளவில்லை, பிந்தைய விசாரணையிலும் பெரிய குறைகள் என்றார் ஓலோன். அன்றைய காவல்துறைத் தலைவர் ரோனி ஃபிளனகன் கொதித்துப்போனார். ஆத்திரத்தில் அவர் சொன்ன ஒரு வாசகமே நாளெல்லாம் செய்தியாக ஓடியது. பிறகு அதற்காக அவரே வருத்தம் தெரிவித்தார். பிறந்து ஆறு வாரம்கூட ஆகாத புதிய போலீஸுக்கு, பழைய குரலில் பேசியது பெரிய அடி.

ஐந்தாண்டு கழித்து நடந்ததை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு புராட்டஸ்டன்ட் தந்தையின் புகாரில் தொடங்கிய விசாரணையின் அறிக்கையை ஓலோன் 2007 ஜனவரி 22 அன்று வெளியிட்டார். வடக்கு பெல்ஃபாஸ்டில் இயங்கிய ஆயுதக் குழுவில் போலீஸின் உளவாளிகளாக இருந்தவர்கள் கொலைகளில் ஈடுபட்டார்கள், போலீஸின் சிறப்புப் பிரிவு அவர்களைக் காப்பாற்றியது என்பது அறிக்கையின் சாரம். இதைவிட மோசமான செய்தி ஒரு காவல்துறைக்கு இருக்க முடியாது. காவல்துறைத் தலைவர் ஹியூ ஓர்ட் மறுத்துப் பேசவில்லை. குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆறே நாட்கள். ஜனவரி 28 அன்று டப்ளினில் சின் ஃபெய்ன் கட்சியின் சிறப்பு மாநாடு கூடியது. பிறந்த நாளிலிருந்து அந்தப் போலீஸை ஏற்க மறுத்த கட்சி அது. போலீஸை ஆதரிக்கலாமா என்று வாக்கெடுப்பு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கை உயர்த்தி ஆதரித்தார்கள். அறிக்கை ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், பல வருடப் பேச்சுவார்த்தை அதன் பின்னால் இருந்தது. ஆனால் போலீஸின் பழைய பாவத்தை ஒரு அரசு அலுவலகமே அச்சிட்டு வெளியிட முடிகிறது, போலீஸ் தலைவர் தலைகுனிந்து ஏற்கிறார் என்பதை மாநாட்டுக்கு வந்தவர்கள் அந்த வாரமே பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். எந்தச் சுவரொட்டியும் அந்த வேலையைச் செய்திருக்காது.

2009 மார்ச்சில் கிரெய்கவனில் ஒரு காவலரை, சமாதான ஒப்பந்தத்தை ஏற்காத அதிருப்திக் குழுவினர் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் காவல்துறைத் தலைவர் ஓர்ட்டின் பக்கத்தில் நின்று, கொன்றவர்கள் அயர்லாந்துத் தீவுக்கே துரோகிகள் என்றார் சின் ஃபெய்ன் தலைவர்களில் ஒருவரான மார்ட்டின் மெக்கின்னஸ். அவர் ஒருகாலத்தில், பிரிட்டனை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.வின் தளபதி. 2011 ஏப்ரலில் ஓமாவில் 25 வயதுக் கத்தோலிக்கக் காவலர் ஒருவர் தன் காரில் வைக்கப்பட்டிருந்த குண்டுக்குப் பலியானார். அவருடைய சவப்பெட்டியை ஊர் விளையாட்டுச் சங்கத்து ஆட்கள் தோளில் சுமந்து வந்து, சீருடைக் காவலர்களின் தோளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பத்தாண்டுக்கு முன்னால் அவரை உறுப்பினராகக்கூடச் சேர்த்திருக்காத அதே சங்கம். கத்தோலிக்க இளைஞர்கள் இதற்காக ஒதுங்கிவிடக் கூடாது என்று அவருடைய தாய் கேட்டுக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடவில்லை. சரிபாதி ஆள்சேர்ப்பு 2011 மார்ச்சில் முடிந்தபோது கத்தோலிக்கர் விகிதம் முப்பது சதவீதம் அளவுக்கு வந்திருந்தது. அதன்பிறகு அதிகம் ஏறவில்லை. 2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி உடையவர்கள் மக்கள்தொகையில் 45.7 சதவீதம். 2023 ஆகஸ்ட் 8 அன்று, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் வந்த ஒரு மனுவுக்குப் பதிலாக அனுப்பிய விரிதாளில், பணியில் இருந்த எல்லோருடைய விவரமும் மறைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஏறக்குறைய 9,500 பேரின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் எல்லாம் சில மணி நேரம் இணையத்தில் கிடந்தன. தெருவுக்கே சொல்லாமல் மறைத்து வைத்திருந்ததைத் துறையே ஊருக்குக் கொடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு ஏழரை லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள். பயந்துபோன குடும்பங்களுக்கு அபராதத்தால் என்ன ஆறுதல்?

போர் முடிந்த நாடுகளில் காவல் சீர்திருத்தத்துக்குத் திட்டம் எழுதுகிறவர்கள் இதைப் படித்தால், அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சின்னம், சீருடை, சுவரொட்டி, வானொலி நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். ஆனால் எது முன்னால், எது பின்னால் என்பதைப் பார்த்துச் செய்யுங்கள். நூலா ஓலோனின் அலுவலகம் பெல்ஃபாஸ்டில் கதவைத் திறந்தது 2000 நவம்பரில். காவல்துறைக்குப் புதிய பெயர் வந்தது 2001 நவம்பரில்.

(தொடரும்)