பட்டாளத் தொப்பியின் விறைப்பு

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையின் அருகில், வாலிகண்டபுரத்து வெளியில், 1751-ஆம் ஆண்டு, ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவருள் முகம்மது அலிக்குத் துணையாக ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரரும் அணிவகுத்து மோதியபோது, பகைவராய் நின்ற அவ்விரு ஐரோப்பியப் படைகளுக்கும் அக்காலப் பட்டாள வழக்கப்படி உரிய தலையணி ஒன்றே: விளிம்பை மூன்று பக்கமும் மேலே மடித்துக் கட்டிய கறுப்பு ஃபெல்ட் தொப்பி.

ஃபெல்ட் தறியில் பிறப்பதன்று. ஆட்டு மயிரின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய செதில்கள், சூடும் ஈரமும் அழுத்தமும் கூடும்போது ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மீண்டும் பிரிய மறுக்கின்றன. இந்த ஒரு குணமே தொழிலின் மூலதனம். நம் ஊரில் பஞ்சு கொட்டுபவரைப் போலவே தொழிலாளி வில்நாணை அதிரவிட்டு மயிரைப் பறக்கச் செய்து மெல்லிய ஏடாகப் படியவைப்பார். ஏடுகளை இணைத்துப் பெரியதொரு கூம்பாக்கி, கொதிநீரில் தோய்த்துத் தோய்த்து உருட்டிப் பிசைய, அது சிறுத்து இறுகும். பின்னர் மர அச்சில் இழுத்து மாட்டி உருவம் கொடுத்து, மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்த சாயத்தில் கறுப்பாக்குவர்.

சாதாரணச் சிப்பாய்க்கு ஆட்டுக் கம்பளி போதும். அதிகாரிகளின் தொப்பிக்கோ கனடாவின் பீவர் என்னும் பிராணியின் ரோமம் வேண்டியிருந்தது. எளிதில் இறுகாத முயல் முதலியவற்றின் ரோமத்தைப் பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்த திரவத்தால் பக்குவப்படுத்தினர். அந்த ஆவியை நாள்தோறும் சுவாசித்த ஏழைத் தொழிலாளரின் கைகள் நடுங்கின, நாக்குக் குழறிற்று, சித்தம் கலங்கிற்று. அமெரிக்காவில் இப்பழக்கம் தடுக்கப்பட்டது 1941-இல்தான் என்பதை நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது.

எவ்வளவு பிசைந்தாலும் ஃபெல்ட் தானே விறைத்து நிற்காது. பதினெட்டாம் நூற்றாண்டில், மிருகத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையைத் தூரிகையால் உட்புறம் பூசி, நீராவியால் அதனை இழைகளுக்குள் செலுத்தினார்கள். வெளிப்புறத்தில் பசை தெரியாமற் செய்வதே கைத்திறன். ஆனால் வச்சிரம் நீரில் இளகுவது. மழையில் நனைந்தால் விளிம்பு தொய்ந்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்குறையைப் போக்கியது நம் நாட்டு அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அப்பொருளைச் சுத்தி செய்து, சாராயத்திலோ வெங்காரம் கலந்த வெந்நீரிலோ கரைத்து, உச்சிக்குக் குறைவாகவும் விளிம்புக்கு மிகுதியாகவும் ஊட்டினார்கள். உலர்ந்தபின் மழைநீர் அதனைக் கரைப்பதில்லை. சோட்டா நாகபுரிக் காடுகளில் பழங்குடி மக்கள் கிளை கிளையாகச் சுரண்டித் திரட்டிய அரக்கு, கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறி, அயல்நாட்டுத் தொப்பிப் பட்டறைகளைச் சேர்ந்தது.